சால்வையைத் துவைத்த நாள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. இத்தனை வருடக் காத்திருப்புக்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு ஒரு மகன் வரப்போகிறான் என்ற அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இவரிடம் சத்தம் போட்டு வாசித்தும் காட்டினேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா எனக்கு!

நீ கேட்டிருந்த கேள்விகளுக்கு உடனே பதில் எழுத வரவில்லை. மூன்று வயதுதானே, இப்போதே பெயரை மாற்றிவிட்டால் பழசெல்லாம் மறந்துபோகும் என்று அம்மா சொல்கிறார்கள், சரியா என்று கேட்டிருந்தாய். தத்தெடுத்ததை எந்த வயதில் சொல்வது என்றும் கேட்டிருந்தாய். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன்.

சின்னவள் வளர்ப்புப் பிள்ளையாக எங்களிடம் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அவள் அம்மாவுக்கு நீண்ட சிகிச்சை, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. ஒரு பையில் இரண்டு மாற்று உடை, கையில் ஒரு பழைய சால்வை. வெளிறி, ஓரம் பிரிந்து, ஒரு மாதிரி வாடை அடித்தது. அவள் தூங்கியதும் மெல்ல உருவி எடுத்து, நன்றாகத் துவைத்துக் காயவைத்து, மடித்துத் தலைமாட்டில் வைத்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

காலையில் அதை எடுத்து முகத்தில் வைத்தாள். முகர்ந்தாள். திருப்பி இன்னொரு முனையை முகர்ந்தாள். "இது இல்ல" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டாள். அழக்கூட இல்லை. மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. அது அவள் அம்மாவின் சால்வை. அந்த வாடைதான் அவளிடம் மிச்சமிருந்த அம்மா. நான் ஒரே ராத்திரியில் அதை அலசிக் கொட்டிவிட்டேன்.

வாரம் ஒருமுறை அம்மாவைப் பார்க்கக் கூட்டிப்போக வேண்டும். போய்வந்த ராத்திரியெல்லாம் படுக்கை நனையும், கதவை எட்டி உதைப்பாள். இந்தச் சந்திப்பை நிறுத்தினால் என்ன என்று சமூகப் பணியாளரிடம் கேட்டேவிட்டேன். "அவளுக்கு அம்மா வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள்" என்றார் அவர். வளர்ப்புப் பராமரிப்பு என்பதே, பெற்ற வீடு மறுபடி நிமிரும்வரை பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதுதானே. தத்து மாதிரி நிரந்தரம் இல்லை. அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம். ஆனாலும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த சந்திப்பில் அந்த அம்மாவிடம் சால்வை விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சால்வையை வாங்கித் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார். அந்த ஒரு மணி நேரமும் அப்படியே உட்கார்ந்து மகளோடு விளையாடினார். கிளம்பும்போது எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார். திரும்பி வரும் வழியில் முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றாள். அதன்பிறகு வாராவாரம் அந்தச் சால்வை போய்வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், பெயரை மாற்றாதே. அவனோடு வரும் சொத்து அது ஒன்றுதான். ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் பிள்ளையின் பெயரையும் குடும்ப உறவையும் அதன் அடையாளமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல். இன்னொரு பெயர் வைக்க அவர்களுக்கு ஆசை என்றால், இருக்கிற பெயரோடு சேர்த்து வைக்கட்டும்.

சொல்வதற்கு வயது என்று ஒன்று வேண்டாம். வந்த முதல் வாரத்திலேயே, குளிப்பாட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் சொல்ல ஆரம்பித்துவிடு. "நீ இன்னொரு அம்மா வயிற்றில் பிறந்தாய், அப்புறம் எங்களிடம் வந்தாய்." இன்று புரியாவிட்டாலும் பரவாயில்லை. என்றைக்குத் தெரிந்தது என்றே அவனுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது. பல தேசங்களில் இதை மூடி மூடி வைத்தார்கள். தத்துப் போனவர்கள் பதினெட்டு வயதில் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்ததே 1975-இல்தான். நரைத்த பிறகு பெற்றவளின் பெயரை முதல்முறையாக எழுத்தில் பார்த்தவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. இன்னொன்று, உன்னைப் பெற்றவள் வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்று யாரும், விளையாட்டுக்குக்கூட, அவன் காதில் போட விடாதே.

குழந்தைகள் இல்லத்திலேயே வளர்ந்தவன் ஒட்டுவானா என்று பயப்பட்டிருந்தாய். எங்கள் பயிற்சி வகுப்பில் ருமேனியாவைப் பற்றிச் சொன்னார்கள். புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை வைத்து 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அறிவிலும், ஒருவரோடு ஒட்டிப் பழகுவதிலும் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் முந்தினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் மனக்கலக்கம் பிந்திப் போன பிள்ளைகளுக்கும் குறைந்தது. உன் மகனுக்கு நாள் எடுக்கும். எடுக்கட்டும்.

சின்னவள் வீட்டுக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. பதினாலு மாதம் எங்களோடு இருந்தாள். அவளை அனுப்பிவிட்டு எப்படி இருக்கிறாய் என்று கேட்டாயே, சாயங்காலங்கள்தான் கஷ்டம். அவள் செருப்பு இருந்த இடத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவே போன் போட்டுக் கொடுத்தார்கள். பல் விழுந்ததைச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவனைப் பார்க்கப் போகும்போது, எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவான், யாரிடம் ஒட்டுவான், எந்தப் பாட்டுக்குச் சிரிப்பான் என்று இல்லத்தில் பார்த்துக்கொள்கிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வா. கந்தலாக இருந்தாலும் அவன் துணியை அப்படியே கொண்டுவா. போய்வந்ததும் எழுது. அவனை அங்கே என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் எழுது, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி