டோக்கன் வளையத்தோடு நின்றவர்கள்

சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் பேரப்பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? முட்டிவலிக்கு நீ கேட்டிருந்த தைலத்தை வாங்கி வைத்துவிட்டேன். வரும்போது கொண்டுவருகிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நம் ஊர் ஸ்டேஷனைப் பற்றி நீ எழுதியது மனசுக்குள் கிடந்து உருண்டுகொண்டே இருந்தது. "பிளாட்பாரத்தை உசத்திட்டான், விளக்கு பளிச்னு எரியுது, ரயிலும் வருது. ஆனா வா, போன்னு சொல்ல ஒரு ஆள் இல்லைடா" என்று எழுதியிருந்தாய். நேற்று நடக்கப் போனபோது அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டு போய், புக்கிட் தீமா பழைய ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

இங்கே உள்ள நிலைமை உன் ஊருக்கு நேர் எதிர். 1932இல் கட்டிய சின்னச் செங்கல் கட்டடம். துடைத்து வைத்த பித்தளைச் செம்பு மாதிரி இருக்கிறது. பக்கத்தில் சாலைக்கு மேலே இரும்புப் பாலம் அப்படியே நிற்கிறது. ஸ்டேஷன் முன்னால் கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளத்தையும் விட்டு வைத்திருக்கிறார்கள். ஊழியர்கள் குடியிருந்த வீட்டில் இப்போது காப்பிக்கடை. பிள்ளைகள் தண்டவாளத்தின் மேல் கையை விரித்துக்கொண்டு நடக்கிறார்கள். ரயில் மட்டும் கிடையாது. 2011 ஜூன் 30 இரவோடு அது போய்விட்டது.

இந்த இடத்தை நான் முதலில் பார்த்தது 1982இல். வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மலேசியாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்த அத்தையைப் பார்க்க தஞ்சோங் பகாரில் ரயில் ஏறினேன். இந்த ஊரில் ஒருத்தரையும் தெரியாது. தங்கியிருந்த இடத்தில் ராத்திரி சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் கிடையாது. வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இருட்டான மரங்களுக்கு நடுவே மெதுவானது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் ஒருத்தர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கையில் வளையம்! நம் ஊரில் உன் அப்பா பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே மாதிரி வளையம். என்ஜின்காரர் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டு போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த நாட்டில் எனக்கு முதலில் அடையாளம் தெரிந்த பொருள் அந்த டோக்கன் வளையம்தான் மாப்ளே.

அது எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி மோதக்கூடாது. ஒரு பகுதிக்கு ஒரு சமயத்தில் ஒரு டோக்கன்தான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் உள்ளே நுழையக்கூடாது. பனைமரத்தடியில் உட்கார்ந்து இதை நமக்குச் சொல்லிக் கொடுத்தவரே உன் அப்பாதான். புக்கிட் தீமாவும் அப்படி வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் இடம். அங்கே கடைசி நாள்வரை கையால்தான் டோக்கன் மாற்றினார்கள். இன்னொன்றும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இங்கேயும் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர், அப்போது திருத்துறைப்பூண்டியிலும் ஒரு மீட்டர். நம் ஊர்ப் பெட்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே வைத்திருந்தால் அப்படியே ஓடியிருக்கும்.

இந்தப் பாதையின் கதையையும் சொல்கிறேன். முதல் வண்டி 1903 ஜனவரி 1ஆம் தேதி டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை ஓடியது. அதே ஆண்டில் வடக்கு எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் வரை நீட்டினார்கள். டேங்க் ரோடு என்றால் நம் தண்டாயுதபாணி கோயில் இருக்கும் தெருவேதான். தைப்பூசத்துக்குக் காவடி வந்து சேரும் இடம். ஒவ்வொரு வருஷமும் பால்குடத்தோடு அங்கே போய் நிற்கும்போது, முதல் ரயில் கிளம்பியது இங்கிருந்துதானே என்று நினைத்துக்கொள்வேன். அப்போது நீரிணையைப் படகில் கடந்து ஜொகூரில் வேறு வண்டி ஏறவேண்டும். 1923இல் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் பெட்டியை விட்டு இறங்காமல் போகமுடிந்தது. நகரத்துக்குள் கேட் போட்டுப் போட்டு மாட்டுவண்டியும் காரும் காத்துக் கிடந்ததால், 1932இல் பாதையையே மாற்றி தஞ்சோங் பகாருக்குக் கொண்டுபோனார்கள்.

மலாயா ரயில்வேயில் நம்மவர் எத்தனை பேர்! தண்டவாளம் போட்டவர்கள், சல்லி கொட்டியவர்கள் நம் தமிழர்கள். ஸ்டேஷன் மாஸ்டர்களிலும் எழுத்தர்களிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைய. குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்தோரம் ரயில்வே ஊழியர்கள் கும்பிட்ட முனீஸ்வரன்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் ராஜகோபுரத்தோடு நிற்கிறார். வெள்ளிக்கிழமை அங்கே போனால், சாமி கும்பிட்டுவிட்டு அந்தப் பெயர் தெரியாத கேங்மேன்களையும் நினைத்துக்கொள்வேன்.

கடைசி இரவன்று நானும் இங்கே வந்திருந்தேன். அப்படி ஒரு கூட்டம். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லோரும் இருந்தார்கள். அந்தப் பாதையில் ஒருநாளும் ஏறியிராதவர்கள்கூடத் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து மலேசிய ரயில் உட்லண்ட்ஸோடு சரி. தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்த பிறகு 24 கிலோமீட்டர் தூரத்துக்குப் புல்லும் மரமுமாக ஒரு நடைபாதை கிடைத்தது. ரயில் காரிடார் என்கிறார்கள். நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு உள்ள ஊரில் அதைக் கட்டடத்துக்குக் கொடுக்காமல் விட்டது பெரிய காரியம். மனசாரச் சொல்கிறேன். ஸ்டேஷனையும் சரிசெய்து 2022இல் திறந்துவிட்டார்கள்.

ஆனால் நேற்று அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு சின்னப் பையன் அப்பாவிடம் கேட்டான், "இங்கே யார் இருந்தாங்க?" என்று. தமிழ்ப் பிள்ளைதான். அப்பா பலகையைப் படித்துக் காட்டினார். பலகையில் ஆண்டு இருக்கிறது, கட்டடத்தின் அமைப்பு இருக்கிறது. வளையத்தைத் தூக்கிப் பிடித்தவர் மழையில் எப்படி நின்றார், ராத்திரி வண்டிக்கு எப்படி விழித்திருந்தார் என்று யார் சொல்வது?

உன் ஊரில் ரயிலைக் காப்பாற்றினார்கள். 2012இல் அகலப்பாதைக்காக நிறுத்தியபோது, இனி வராது என்றுதான் நினைத்தேன். காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை 2018இல், திருவாரூர் வரை 2019இல் என்று தவணை தவணையாக வந்தது. ஏழு வருஷம்! அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ரயில் சத்தமே கேட்காமல் வளர்ந்தார்கள். ஆரம்பத்தில் கேட் கீப்பர்களே இல்லாமல், வண்டியிலேயே ஆளை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தி, இறங்கி மூடி, கடந்த பிறகு திறந்துவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டு போனார்கள் என்று நீ எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. 150 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஒரு கேட்டுக்கு ஓர் ஆள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் ஊருக்கே புரிந்திருக்கும். இப்போது தாம்பரம்–செங்கோட்டை வண்டி அந்த வழியாகப் போகிறது. அகஸ்தியம்பள்ளிக்கும் 2023இல் ரயில் திரும்பிவிட்டது. உப்பளத்துப் பக்கம் மறுபடி ஹாரன் கேட்பதே எனக்குச் சந்தோஷம். மீட்டர் கேஜ் போனதில் எனக்கு வருத்தமில்லை. மலேசியாவில் இன்றும் அதே ஒரு மீட்டர் பாதையில்தான் மின்சார ரயிலை 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார்கள். பாதையின் அகலம் பற்றியதல்ல என் கவலை.

விடுமுறைக்கு வரும்போது திருவாரூரில் பாசஞ்சர் மாறி நம் ஊரில் இறங்குவேன் அல்லவா? உன் அப்பா ராந்தலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, "வந்துட்டியா, அம்மா முழிச்சிக்கிட்டு இருக்கும், போ" என்பார். நான் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைக்கும். இங்கே ஸ்டேஷன் இருக்கிறது, ரயில் இல்லை. அங்கே ரயில் இருக்கிறது. ராந்தல் பிடித்த ஆளை இரண்டு இடத்திலுமே விட்டுவிட்டோம்.

அதனால் ஒன்று கேட்கிறேன், தட்டாதே. பெரியண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. உன் அப்பாவுக்குப் பிறகு அதே ஸ்டேஷனில் வண்டிக்குத் தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். நினைவு இன்னும் தெளிவாக இருக்கிறது என்கிறாய். பேத்தியின் போனை வாங்கி, அவரைப் பேசவிட்டுப் பதிவு செய். புயல் ராத்திரிகளில் சிக்னல் விளக்கு எப்படி ஏற்றினார்கள், டோக்கன் எந்திரத்தின் மணி எத்தனை தடவை அடித்தால் என்ன அர்த்தம், டிரைவர் கை நழுவவிட்ட வளையத்தைத் தேடி வயலில் இறங்கிய கதை, எல்லாம் வேண்டும். ஒரே நாளில் கேட்டு அலுப்புக் கொடுக்காதே. சாயங்காலம் காப்பி குடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேள். நானும் இங்கே தேடிக்கொண்டிருக்கிறேன். முனீஸ்வரன் கோயிலில் ஒரு பெரியவர், தன் தகப்பனார் கேங்மேனாக இருந்தவர் என்று போன வாரம் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரோடு உட்காரப் போகிறேன்.

பொங்கல் கழித்து வருகிறேன். விமானத்தில் சென்னைக்கு வந்து, தாம்பரத்தில் அந்தச் செங்கோட்டை வண்டியைப் பிடிப்பதாக உத்தேசம். திருத்துறைப்பூண்டியில் இறங்கிவிடுவேன். வண்டி எந்தெந்தக் கிழமை என்று பார்த்து எழுது. ஸ்டேஷனுக்கு நீயே வா, ஆட்டோ அனுப்பாதே. கையில் டார்ச் இருந்தால் போதும்.

உன் அன்பு நண்பன்