மலையில் ஒரு பகல்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மீண்டும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதை நம் நண்பர்களுக்கும் படித்துக் காட்டினேன், எல்லோருக்கும் மகிழ்ச்சி. இலையுதிர் காலத்தில் மலைக்குப் போவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். சென்ற வாரம் நாங்கள் நால்வர் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கி வந்ததைச் சொன்னால் ஓரளவு விளங்கும்.

இந்தப் பருவத்தில் வழியைவிட வெளிச்சமே பெரிய கவலை. செப்டம்பர் பிற்பகுதியில் பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டித்தான் பகல் மிக வேகமாகக் குறைகிறது. 45 பாகை அட்சரேகையை ஒட்டிய இடங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 நிமிடம் கைவிட்டுப் போகிறது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம். எங்கள் பாதை போகவர 12 கிலோமீட்டர், ஏற்றம் 800 மீட்டர். அவர் கணக்குப்படி நான்கு மணி நேரத்துக்கும் குறைவுதான். ஆனால் அவர் ஓய்வையும் பேச்சையும் நம் வயதையும் சேர்க்கவில்லை. ஆகவே ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, எங்கே நின்றாலும் பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிடுவது என்று புறப்படும்போதே முடிவு செய்தோம்.

அடிவாரத்தில் பனிமூட்டம். புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்திருந்தது. பொதுவாக 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6.5 டிகிரி அளவுக்குக் குறையும் என்பார்கள். அன்று காலையில் அது தலைகீழாக இருந்தது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் கனத்த குளிர்காற்று சரிந்து பள்ளத்தாக்கில் தேங்கிவிடுவதால், நாங்கள் ஏற ஏறக் குளிர் விலகி, மூட்டத்துக்கு மேலே இளவெயிலில் வந்து நின்றோம். மேலாடையைக் கழற்றியவர்கள், முகட்டுக் காற்று பட்டதும் மறுபடியும் அணிந்துகொண்டார்கள். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் உடல் சூட்டை விரைவில் இழக்கச் செய்யும். விரைவில் உலரும் துணியே இதற்கு ஏற்றது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நிறமாற்றம் குளிர் முதலில் வரும் மேட்டில் தொடங்கி மெல்லக் கீழிறங்குகிறது. அடிவாரத்தில் மரங்கள் பாதி பச்சையாகவும், இடைவழியில் மஞ்சளும் சிவப்புமாகவும், மேலே மொட்டைக் கிளைகளாகவும் நின்றன. ஒரு பருவம் முழுவதையும் ஒரே முற்பகலில் நடந்து கடந்தோம் என்றே சொல்வேன். மஞ்சள் நிறம் புதிதாக வருவதில்லை, கோடை முழுவதும் பச்சையத்துக்கு அடியில் மறைந்தே கிடக்கிறது, பச்சையம் சிதைந்ததும் வெளிப்படுகிறது. சிவப்போ பெரும்பாலும் அந்த இறுதி வாரங்களில் மரம் புதிதாக உண்டாக்குவது. நல்ல வெயிலும் உறைபனி விழாத குளிர்ந்த இரவுகளும் சேர்ந்தால் அது அடர்த்தியாகும். விழப்போகும் இலைக்கு மரம் ஏன் இத்தனை செலவு செய்கிறது என்பதில் அறிவியலாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. எனக்கு அந்தக் கேள்வி விடையைவிடப் பிடித்திருக்கிறது.

ஒரு மணி ஆனபோது உச்சி கண்ணுக்கு நேரே, அரைமணி ஏற்றத்தில் இருந்தது. நம்மில் பிடிவாதக்காரன் யாரென்று உனக்கே தெரியும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்று அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டான். திரும்பினோம். மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டதால், யாரும் பின்தங்கவும் இல்லை, யாரையும் விரட்டவும் வேண்டியிருக்கவில்லை.

இறக்கத்தைப் பற்றி உனக்காகவே விரிவாக எழுதுகிறேன். ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கம் முழங்காலைக் கேட்கும். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்க முடியாமல் வலிக்கிறது. ஈரச் சருகு கல்லையும் வேரையும் மூடிவிடுவதால், காலடியைச் சிறிதாக வைத்து, இரு கைத்தடிகளையும் முன்னே ஊன்றிச் சோதித்து இறங்கினோம். எல்லோரிடமும் நெற்றியில் கட்டும் டார்ச் இருந்தது, தேவைப்படவில்லை. ஆனால் பொழுது சாய நேரம் இருந்தும், எதிர்மலை வெயிலை மறைத்ததால், பள்ளத்தாக்கில் முன்கூட்டியே இருள் கவியத் தொடங்கியிருந்தது.

விட்டுவந்த உச்சியை இரண்டு வாரத்தில் போய்ப் பார்த்தே தீருவேன் என்கிறான் அந்தப் பிடிவாதக்காரன். அதற்குள் பகலில் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு நெருக்கமாகக் குறைந்துவிடும், ஆகவே விடியும்போதே நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் வருவதானால் உயரம் குறைந்த, சரிவு மென்மையான வேறொரு பாதையைப் பார்த்து வைக்கிறேன். மருத்துவரைக் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்