படகுத்துறை விளக்குகளை ஆறு வாரம் இரவில் அணைத்து வைக்கக் கோரி மனு

பெறுநர்: தீவு நிர்வாக அதிகாரி அவர்கள்
அனுப்புநர்: செப்டம்பர் தோறும் தீவுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள்
பொருள்: பறவைகள் இடம்பெயரும் வலசைக் காலத்தில் படகுத்துறை ஃப்ளட்லைட்டுகள் தொடர்பாக

ஐயா, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் பாதி வரை, ஆறே ஆறு வாரம், கடைசிப் படகு போன பிறகும் துறையில் எரிந்துகொண்டே இருக்கும் அந்த நான்கு ஃப்ளட்லைட்டுகளை விடியும்வரை அணைத்து வைக்க நீங்கள் உத்தரவிட வேண்டும். கலங்கரை விளக்கத்தைப் பற்றி நான் பேசவே இல்லை, அது கப்பல்காரர்கள் விவகாரம்.

போன செப்டம்பரில் ஓர் இரவு நான் துறையில்தான் இருந்தேன். சாயங்காலம் தெளிந்த வானம், வடக்கிலிருந்து நல்ல காற்று, குருவிகள் கிளம்புவதற்கென்றே அமைந்த மாதிரி. நள்ளிரவுக்கு அப்புறம் மேகம் இறங்கித் தூறல் பிடித்துக்கொண்டது. விளக்கைச் சுற்றி ஏதோ பறக்கிறதே, ஈசல் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். பைனாகுலரை எடுத்துப் பார்த்தால் அத்தனையும் குருவிகள்! கதிர்க்குருவிகள்தான் அதிகம், நடுநடுவே ஈப்பிடிப்பான்கள், ஒன்றிரண்டு பூங்குருவிகள், எல்லாம் சீப் சீப் என்று கத்திக்கொண்டு அந்த வெளிச்சத்தை விட்டு வெளியே போகத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து, சில கம்பத்தில் மோதி, சில சோர்ந்துபோய்த் தண்ணீரில் விழுந்து... துறைக் காவலர் பார்க்கப் பொறுக்காமல் விளக்கை அணைக்கலாமா என்று போன் போட்டுக் கேட்டார். எழுத்தில் உத்தரவு இல்லாமல் சுவிட்சைத் தொடக்கூடாது என்று பதில் வந்தது. விடிந்ததும் கம்பத்தடியில் நாங்கள் பொறுக்கியவை பதினேழு. கடலில் விழுந்ததற்குக் கணக்கில்லை.

இந்தச் சின்னக் குருவிகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகும். காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும், வல்லூறுத் தொல்லை இல்லை, பகல் முழுக்கத் தின்று கொழுப்புச் சேர்க்கலாம். திசைக்கு நட்சத்திரமும் பூமியின் காந்தப்புலமும். மேகம் வந்து நட்சத்திரத்தை மறைத்துவிட்டால் கீழே எரிகிற விளக்கு அவற்றை இழுத்துவிடும். அதுவும் கடலோரங்களிலும் தீவுகளிலும் இந்தக் காலத்தில் இறங்குவதில் அந்தக் கோடையில்தான் பிறந்த குஞ்சுகள் நிறைய. முதல் பயணம், பல இனங்களில் தாய் தகப்பன் கூட வருவதும் கிடையாது. வட அமெரிக்காவின் பிளாக்போல் வார்ப்ளர் என்ற கதிர்க்குருவி 12 கிராம் எடைதான் இருக்கும், அது இரண்டு மூன்று நாள் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கின் மேல் 2,200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது என்று அதன் முதுகில் சின்னக் கருவி கட்டிப் பார்த்தவர்கள் 2015இல் எழுதினார்கள். அப்படிப்பட்ட பயணத்தின் நடுவில் ஒரு மணி நேரம் விளக்கைச் சுற்றுவது என்றால், சேர்த்து வைத்த கொழுப்பு அங்கேயே கரைந்து போகிறது என்று அர்த்தம்.

விளக்கை அணைத்தால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக வானத்தை நோக்கி இரண்டு பெரிய ஒளிக்கற்றைகளை ஏற்றுவார்கள். வருடத்துக்கு ஓர் இரவாக ஏழு இரவுகளை ரேடார் வைத்துப் பார்த்ததில், சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு வந்தது. கூட்டம் கூடும்போது அங்கே இருபது நிமிடம் விளக்கை நிறுத்துகிறார்கள், நிறுத்திய சில நிமிடங்களிலேயே பறவைகள் கலைந்து தம் வழியே போய்விடுகின்றன. வேல்ஸ் நாட்டுக்குப் பக்கத்தில் பார்ட்சி என்ற சின்னத் தீவில் கலங்கரை விளக்கத்தின் வெள்ளை விளக்கையே 2014இல் சிவப்பாக மாற்றினார்கள், பறவைகள் வந்து மோதிச் சாவது அதன்பின் வெகுவாகக் குறைந்தது. நான் அவ்வளவு தூரம்கூடக் கேட்கவில்லை.

துறையில் ஆள் நடமாட வெளிச்சம் வேண்டும், சரி. கைப்பிடிச் சுவரை ஒட்டி ஏற்கெனவே இருக்கிற தாழ்வான விளக்குகள் எரியட்டும், அவற்றுக்கு மேல்பக்கம் ஒரு மூடி போட்டுவிட்டால் போதும். நோயாளியை ஏற்றப் படகு வருகிறது என்றால் ஃப்ளட்லைட்டைப் போட்டு, வேலை முடிந்ததும் அணைத்துக்கொள்ளலாம். ஆறு வாரமும் முடியவே முடியாது என்றால், மேகமோ தூறலோ உள்ள இரவுகளிலாவது அணைக்க வேண்டும். எந்த இரவு என்று சாயங்காலமே காற்றைப் பார்த்து நாங்கள் சொல்லிவிடுவோம்.

இன்னொன்று. துறைக்குப் பின்னால் இருக்கும் புதரைத் துப்புரவு என்ற பெயரில் செப்டம்பரில் வெட்டுகிறார்கள். கடலைத் தாண்டி வந்த குருவிக்கு ஒதுங்கவும் புழு பூச்சி பிடிக்கவும் முதலில் கிடைப்பது அந்தப் புதர்தான். வெட்டுவதை நவம்பருக்குத் தள்ளி வையுங்கள்.

முதல் கூட்டம் செப்டம்பர் முதல் வாரத்திலேயே வந்துவிடும், அதனால் உத்தரவு ஆகஸ்ட் முடிவதற்குள் வேண்டும். அதன் நகல் ஒன்றைத் துறைக் காவலருக்கு மறக்காமல் அனுப்புங்கள். சுவிட்ச் அவர் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பறவை பார்க்க வருகிறவர்கள் சார்பில்