மயிலின் கழுத்து ஏன் கரைந்தது

அம்மாடி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். காட்டன் புடவை, முந்தானையில் மயில். முதல் சலவையிலேயே கழுத்து நீலம் இறங்கித் தோகை வரை ஓடியிருக்கிறது. "எந்தக் கம்பெனி பெயின்ட் வாங்கினால் போகாதுப்பா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தேன், மீட்டிங் என்று வைத்துவிட்டாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா, "இதுக்குமா லெட்டர்?" என்று சிரிக்கிறாள்.

புடவையைக் கடையிலிருந்து கொண்டுவந்து, பிரித்து, அப்படியே வரைய உட்கார்ந்தாய்தானே? புதுத் துணியில் கஞ்சி இருக்கும். தறியில் பாவு நூல் அறுந்துவிடக் கூடாதென்று போட்ட கஞ்சி. நீ வரைந்தது துணியின் மேல் இல்லை, கஞ்சியின் மேல். தண்ணீரில் கஞ்சி போனது, மயிலும் கூடவே போனது. டப்பாவில், காய்ந்தபின் இஸ்திரி போடு என்றும் எழுதியிருக்கும். அதை நீ படித்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

நம் சிக்கல்நாயக்கன்பேட்டை கலம்காரி வேலையை, துணியில் குச்சியால் எழுதிச் சாயம் ஏற்றுகிற வேலையை, நீ பார்த்து வளர்ந்தவள். ஆனால் பார்த்தது வேறு, செய்தது வேறு. ஆறு வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, ஏன் வெறும் தண்ணியில எழுதுற?" என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குச் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நீ கேட்டதுதான் சரியான கேள்வி. படிகாரத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. எழுதிய கோடு எங்கே என்று கண்ணுக்குத் தெரிவதற்காக அதில் கொஞ்சம் ஓடுகிற சாயம் கலந்துகொள்வோம், அவ்வளவுதான். எங்கள் குச்சியில் சிவப்பு இல்லை அம்மாடி. சிவப்பு எங்கே பிடிக்க வேண்டுமோ அந்த இடத்தைத்தான் எழுதி வைக்கிறோம். சிவப்பு பிறகு, சாயம் காய்ச்சும் பெரிய பாத்திரமான கொப்பரையில் வரும்.

பருத்திக்குச் சாயத்தின் மேல் பிரியம் கிடையாது. எதை வைத்தாலும் உதறிவிடும். அதனால் கஞ்சி போன துணியை முதலில் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் முக்கிப் பிழிந்து வெயிலில் போடுகிறோம். கடுக்காயின் துவர்ப்புதான் பிடிமானம். பாலில் இருக்கும் கொழுப்பு, எழுதுகிற கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். பசும்பாலில் செய்து பார்த்திருக்கிறேன், கோடு அவ்வளவு சுத்தமாக நிற்பதில்லை. வாடை மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். நீ மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாய்.

கறுப்பு அடுத்து. துருப்பிடித்த ஆணி, லாடம், பனைவெல்லம், தண்ணீர் எல்லாம் ஒரு பானையில் கிடந்து இரண்டு வாரத்துக்கு மேல் புளிக்கும். அந்தத் தண்ணீரும் பார்க்க மங்கலாகத்தான் இருக்கும். மூங்கில் குச்சியின் முனைக்குச் சற்று மேலே துணி சுற்றி நூலால் கட்டியிருப்பேனே, அதை அழுத்தினால் முனைக்கு இறங்கும். கடுக்காய் ஏறிய துணியில் படும்போது ஒரு கணம் பழுப்பு, அப்புறம் கண் முன்னாலேயே கறுக்கும். இத்தனை வருஷமாகியும் அந்த இடத்தில் என் கை ஒரு நொடி நின்றுதான் போகிறது.

இந்தக் கறுப்பு சாகாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. சாயம் சாகாது, ஆனால் அந்த இரும்பு நாளாக ஆக நூலையே தின்றுவிடும். பழைய துணிகளில் சிவப்பெல்லாம் அப்படியே இருக்க, கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படிகாரம் எழுதிய துணியை ஓரிரு நாள் காயவிட்டு, ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். ஓடுகிற தண்ணீர் என்பதை அடிக்கோடிட்டுக்கொள். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், ஒரு கோயிலுக்குத் தேர்த் தொம்பை, அதாவது தேரில் தொங்கவிடும் குழல் மாதிரியான துணி, எழுதினேன். ஆற்றில் மணல்தான் இருந்தது. திருவிழா தேதி நெருங்கிவிட்டது. சிமென்ட் தொட்டியில் தண்ணீர் இறைத்து அலசிவிட்டேன். பிடிக்காமல் மிஞ்சிய படிகாரம் தண்ணீரோடு போக வழியில்லாமல் துணி முழுக்கப் போய் உட்கார்ந்துகொண்டது. கொப்பரையில் போட்டு எடுத்தால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பு. யாளியும் தெரியவில்லை, கொடியும் தெரியவில்லை. உன் தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

கொப்பரையில் அந்தக் காலத்தில் சாயவேர் போடுவார்கள். கடலோர மணலில் வளர்கிற சின்னச் செடியின் வேர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தோண்டிய வேரில் டச்சுக்காரர்கள் காசு பார்த்திருக்கிறார்கள். 1868-இல் ஜெர்மனியில் இருவர் அந்தச் சிவப்பை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட, வேர் தோண்டும் வேலை மெல்லப் போய்விட்டது. நான் மஞ்சிட்டி போடுகிறேன், அதுவும் சிவப்புத் தரும் வேர்தான். ஒரே கொப்பரையில் படிகாரம் பட்ட இடம் சிவக்கும், இரும்பு பட்ட இடம் கறுப்பாகவே நிற்கும், இரண்டும் கலந்து எழுதிய இடம் கருஞ்சிவப்பாகும். மற்ற இடத்தில் ஏறும் இளஞ்சிவப்பு, சாணித் தண்ணீரில் ஊறி, வெயிலில் கிடந்து, தண்ணீர் தெளிக்கத் தெளிக்க வெளுத்துவிடும்.

இதெல்லாம் குலரகசியம் என்று சில பேர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1742-லேயே கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் நம் கரையோரத்துச் சாயக்காரர்களிடம் கேட்டு, கடுக்காய், எருமைப்பால் முதல் எல்லாவற்றையும் ஊருக்குக் கடிதமாக எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அப்போது பிரான்சில் இந்தச் சீட்டித் துணிகளுக்குத் தடை. 1686-இல் போட்டது 1759 வரை இருந்தது. உடுத்தத்தான் தடை, கற்றுக்கொள்ளத் தடை இல்லை போலிருக்கிறது. நமக்குப் புவிசார் குறியீடு வந்தது 2021-இல்.

சரி, உன் மயிலுக்கு வருகிறேன். நீலம் தனிக் கதை. நீலம் தரும் அவுரி, கடுக்காய்க்கும் படிகாரத்துக்கும் கட்டுப்படாது. நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டுத் தொட்டியில் முக்க வேண்டும். உன் பால்கனியில் அது நடக்காது. அவசரம் என்றால் ரியாக்டிவ் சாயம் வாங்கிச் சலவைச் சோடா சேர்த்துப் போடு. அது பருத்தி நூலோடு வேதியியலாகவே சேர்ந்துவிடும், ஓடாது. கெமிக்கல் என்று நான் முகம் சுளிப்பேன் என்று நினைக்காதே.

ஆனால் ஒரு தடவை கறுப்பு மட்டும் எழுதிப் பார். கடுக்காய்ப் பொடி அரைக் கிலோ, குச்சி ஆறு, கறுப்புக்கான அந்த ஆணி, பனைவெல்லத் தண்ணீர் ஒரு பாட்டில் பார்சலில் வருகிறது. பாட்டில் மூடியை நன்றாக முறுக்கி மெழுகு வைத்திருக்கிறேன், படுக்க வைக்காதே. துணியை இரண்டு தடவை கொதிக்க வைத்துக் கஞ்சியைப் போக்கு. அங்கே எருமைப்பால் கிடைக்கவில்லையென்றால் சொல், பாக்கெட் பாலில் எது சரிப்படும் என்று இங்கே போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்திருக்கிறாள். இரண்டு பாட்டிலும் ஒரே அளவு, ஒரே மூடி. முகர்ந்து பார்த்துத் திற.

அப்பா