செயலாளரின் ஆண்டறிக்கை: ஏடு ஏன் சுருங்கியது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, நிர்வாக சபையினரே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்களைப் படமெடுத்துப் பதிந்துவரும் நமது சங்கத்தின், சென்ற பொதுக்கூட்டத்திலிருந்து இன்றுவரையான வேலைகளை நிர்வாக சபையின் சார்பில் சமர்ப்பிக்கிறேன்.

நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. இரண்டு தடவை போதிய ஆட்கள் இல்லாமல் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நிலாவெளிக் கடற்கரையில் துப்புரவுப் பணி நடந்தது. இரண்டு பாடசாலைகளில் படக் கண்காட்சி வைத்தோம். வாசிகசாலையின் கூரைத் திருத்த வேலைக்கு நம் பங்கைக் கொடுத்தோம்.

கடற்பயணங்கள் வாடை ஓய்ந்தபின் பங்குனியில் தொடங்கி, கடல் இடம் கொடுத்த நாட்களில் ஆவணி வரை நடந்தன. வள்ளத்துக்கு ஆள் பற்றாக்குறை ஒருநாளும் இருக்கவில்லை. திமிங்கிலத்தை 100 மீற்றருக்குள் நெருங்கக்கூடாது என்ற 2012ஆம் ஆண்டு ஒழுங்குவிதியை நமது ஓட்டிமார் காத்தார்கள். அவர்களுக்கு நன்றி.

அடையாள ஏடு

இனி, பலரும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும் விடயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு திமிங்கிலத்தையும் படத்தால் பிரித்தறிந்து தனி எண் கொடுத்துப் பதியும் நமது அடையாள ஏட்டில் உள்ள நீலத் திமிங்கிலங்களின் எண்ணிக்கை சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு குறைந்திருக்கிறது. ஓர் ஆண்டு முழுவதும் உழைத்து எண்ணிக்கையைக் குறைத்தது என்ன வேலை என்று சில அங்கத்தவர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம். ஏட்டை முதலிலிருந்து பிரித்துச் சரிபார்ப்பது என்ற முடிவை நிர்வாக சபையில் வற்புறுத்தியவன் நான் என்பதால் பதிலும் நானே சொல்லவேண்டும்.

ஒவ்வொரு இனத்துக்கும் அடையாளம் ஒவ்வோர் இடத்தில் இருக்கிறது. கூனல் திமிங்கிலத்துக்கு வாலின் அடிப்பக்கம். வட அத்திலாந்திக்கின் ரைட் திமிங்கிலத்துக்குத் தலையில் உள்ள தடித்த தோல் திட்டுகள். பொஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்குவேரியம் அந்த ஏட்டை வைத்திருக்கிறது. நமது கடலுக்கும் வரும் ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு வாலின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகள். நீலத் திமிங்கிலம் எல்லாத் தடவையும் வாலைத் தூக்காது. ஆகவே அதன் முதுகுச் செட்டையும், செட்டையைச் சுற்றி விலாவில் படர்ந்திருக்கும் சாம்பல் திட்டுகளுமே நமக்குக் கைநாட்டு. கனடாவின் சென் லோரன்ஸ் வளைகுடாவில் 1979இல் ரிச்சர்ட் சியர்ஸ் தொடங்கிய ஆய்வு இந்தத் திட்டுகளை வைத்தே வளர்ந்தது. நமது திருகோணமலைக் கடலிலும் 1983, 1984ஆம் ஆண்டுகளில் டியூலிப் என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் நீலத் திமிங்கிலங்களைப் படமெடுத்துத் தனித்தனியாகப் பிரித்தறிந்தார்கள். நாம் அவர்கள் போட்ட தடத்தில்தான் போகிறோம்.

சிக்கல் என்னவென்றால், இடப்பக்கத் திட்டும் வலப்பக்கத் திட்டும் ஒன்றல்ல. இரண்டு உள்ளங்கைகளின் ரேகை போல வேறு வேறு. ஒரு நாள் இடப்பக்கத்தை எடுத்து ஓர் எண் கொடுக்கிறோம். இன்னொரு நாள் அதே திமிங்கிலத்தின் வலப்பக்கத்தை எடுத்துப் புதிய எண் கொடுக்கிறோம். ஏட்டில் இரண்டு, கடலில் ஒன்று. சென்ற ஆண்டறிக்கையில் நாம் இரு பக்கத்தையும் கூட்டி ஒரே தொகையாகச் சொன்னோம். அது பிழை. இந்த ஆண்டு இடப்பக்கத்துக்கு ஒரு தொகை, வலப்பக்கத்துக்கு ஒரு தொகை என்று பிரித்து வைத்திருக்கிறோம். இரு பக்கமும் ஒரே சந்திப்பில் எடுக்கப்பட்டு உறுதியானவை மட்டும் முழுப் பதிவு.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்றால், தொகை மதிப்பிடும் கணக்கு அப்படிப்பட்டது. உதாரணத்துக்கு, முதற் பருவத்தில் 50 திமிங்கிலங்களை அடையாளம் கண்டோம் என்று வையுங்கள். அடுத்த பருவத்தில் 40. அதில் 10 முன்பே பார்த்தவை. நாற்பதில் பத்து, அதாவது நாலில் ஒன்று, முன்பே பார்த்தவை என்றால், முதலில் பார்த்த ஐம்பதும் மொத்தத்தில் நாலில் ஒன்று என்று கொள்ளலாம். எளிய முறையில் 50ஐ 40ஆல் பெருக்கி 10ஆல் வகுத்தால் 200. இப்போது, படம் மங்கலாக இருந்ததால் அந்தப் பத்துச் சோடியில் (ஒரே திமிங்கிலத்தின் இரண்டு பதிவுகள் சேர்ந்தது ஒரு சோடி) இரண்டை நாம் கவனிக்கத் தவறினோம் என்று வைப்போம். 8ஆல் வகுக்கிறோம், 250 வருகிறது. இரண்டே இரண்டு சோடி தவறியதில் கடலில் இல்லாத ஐம்பது திமிங்கிலங்கள் காகிதத்தில் பிறந்துவிட்டன. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் இந்த வட இந்துப் பெருங்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. மிஞ்சியவற்றைத்தான் நாம் எண்ணுகிறோம். தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே போகும் கப்பல் பாதையில் அவை இன்றும் அடிபட்டுச் சாகின்றன. அழியும் நிலையில் உள்ள ஓர் உயிரைத் தாராளமாக இருப்பதாகக் காட்டும் ஏடு இல்லாமல் இருப்பதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு சோடியை மட்டும் விளக்குகிறேன். 14ஆம் எண்ணில் இருந்தது இடப்பக்கம்: கொக்கிபோல் பின்னோக்கி வளைந்த செட்டை, நுனி மழுங்கி அறுந்திருக்கிறது, அதன் அடியில் முட்டை வடிவில் ஆறிப்போன ஒரு வெள்ளைத் தழும்பு. குக்கிக்கட்டர் எனும் சிறு சுறா கடித்த இடம் அப்படித்தான் ஆறும். 39ஆம் எண்ணில் இருந்தது வலப்பக்கம்: திட்டுகள் முற்றிலும் வேறு, தழும்பு இல்லை. ஆனால் செட்டையின் நுனி அதேபோல் அறுந்திருக்கிறது. திட்டு ஒரு பக்கத்துக்குரியது; செட்டையின் வெட்டு இரு பக்கத்திலிருந்தும் தெரியும். அது மட்டும் போதாது என்று சந்தேகப் பெட்டியில் வைத்தோம். ஆனி மாதத்தில் ஒரு காலை, வள்ளம் இயந்திரத்தை நிறுத்தி நின்றபோது அந்தத் திமிங்கிலம் அணியத்துக்கு முன்னால் குறுக்கே கடந்து மறுபக்கம் எழுந்தது. இடையில் வேறு திமிங்கிலம் இல்லை. ஒரே தொடரில் இரு பக்கமும் கிடைத்தன. 39 நீக்கப்பட்டது. ஏடு சுருங்கியது இப்படித்தான், ஒவ்வொன்றாக.

படங்களில் கண்ட குறைகள்

வந்து சேர்ந்த படங்களில் பெரும்பகுதியை ஒப்பிட முடியாமல் ஒதுக்கவேண்டி வந்தது. காரணங்களைச் சொன்னால் அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம்.

முதலாவது வெளிச்சம். நாம் காலையில் கிழக்கே ஓடுகிறோம். சூரியன் முகத்துக்கு நேரே. அந்த நிலையில் எடுத்தால் திமிங்கிலம் கறுப்பு நிழலாக மட்டும் விழும், திட்டு ஒன்றும் தெரியாது. ஓட்டி சுற்றிப்போய்த் திமிங்கிலத்துக்குக் கிழக்கே வள்ளத்தை வைக்கவேண்டும். படத்தில் திமிங்கிலத்துக்குப் பின்னால் கரையோ கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையோ தெரிந்தால் காலை வெளிச்சம் சரி. இதிலும் ஒன்று இருக்கிறது: கிழக்கே நிற்கும்போது வடக்கே போகும் திமிங்கிலம் வலப்பக்கத்தையும் தெற்கே போவது இடப்பக்கத்தையும் காட்டும். மறுபக்கத்துக்கு அது திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். மெல்லிய முகில் மூடிய நாளே இந்த வேலைக்கு நல்ல நாள். இரு பக்கமும் ஒரேயளவு வெளிச்சத்தில் கிடைக்கும்.

இரண்டாவது, அவசரம். மூச்சு பீச்சியடித்ததும் பொத்தானை அழுத்தி, முதுகு தெரியும்போதே நிறுத்திவிடுகிறார்கள். நீலத் திமிங்கிலத்தின் செட்டை உடலின் முக்கால்வாசி தூரத்துக்குப் பின்னால் இருக்கிறது, அளவிலும் சிறியது. மூச்சு, தலை, நீண்ட முதுகு எல்லாம் கடந்த பிறகுதான் அது மேலே வரும். கமராவைத் தாழ்த்தாமல் வால்முனை மறையும்வரை எடுங்கள். சில செக்கன் இடைவெளியில் பல தடவை மூச்செடுத்துவிட்டு, கடைசித் தடவை முதுகை உயர வளைத்து ஆழப்போகும். அந்த வளைவில்தான் செட்டையும் விலாவும் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, கோணம். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ சாய்வாக எடுத்தால் திட்டுகள் நெருங்கிச் சுருங்கி வேறு உருவம் கொள்ளும். உடலுக்குச் செங்குத்தாக நின்று எடுத்ததே ஒப்பிட உதவும். வாலைத் தூக்கும் என்று தெரிந்தால் மட்டும் பின்னாலிருந்து ஒரு படம்.

கமராவின் அமைப்பு: ஷட்டர் வேகம் 1/1000 செக்கனுக்குக் குறையாமல், முடிந்தால் 1/2000. லென்ஸ் 300 அல்லது 400 மில்லிமீற்றர் வரை நீளவேண்டும். கைபேசியில் பெரிதாக்கி எடுத்தவற்றில் ஒன்றுகூட ஏட்டுக்கு ஏறவில்லை. கடலின் பளபளப்பைப் பார்த்துக் கமரா ஒளியைக் குறைத்துவிடும்; எக்ஸ்போஷர் அளவை அரைப் படியிலிருந்து ஒரு படிவரை கூட்டி வையுங்கள். புறப்படுமுன் ஜி.பி.எஸ். கருவியின் நேரத் திரையை ஒரு படம் எடுத்தால் கமராக் கடிகாரம் எவ்வளவு பிசகு என்று பிறகு கணக்கிடலாம். ஒரு திமிங்கிலம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் வள்ளத்தின் அடித்தளத்தையோ வானத்தையோ ஒரு வெற்றுப் படம் எடுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாததால் இரண்டு திமிங்கிலங்கள் ஒன்றாய்க் கலந்த தொடர்களைப் பிரிக்கவே முடியவில்லை.

குறிப்பேட்டில் இடம் என்று எழுதினால் அது திமிங்கிலத்தின் இடம்; பார்ப்பவரின் இடமல்ல. ஒட்டுமீன்களைத் திட்டு என்று நினைக்கவேண்டாம். அடுத்த மூச்சுக்குள் அவை இடம் மாறியிருக்கும். ஆகவே ஒரு குறி குறைந்தது இரண்டு படங்களில் அதே இடத்தில் இருக்கவேண்டும்.

வருத்தத்தோடு சொல்லவேண்டிய இன்னொன்று. அங்கத்தவர்கள் நல்ல படங்களை முகநூலில் போடுகிறார்கள். மூலக்கோப்பு சங்கத்துக்கு வருவதில்லை. கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். சாதாரணமாக அனுப்பும்போது படம் சிறுத்துவிடும், எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கார்டைக் கொண்டுவாருங்கள். அழகுக்காக இடம்வலமாகப் புரட்டிய ஒரு படத்தால் நாம் மூன்று கிழமை இல்லாத திமிங்கிலத்தைத் தேடினோம். செட்டை எப்போதும் பின்னோக்கித்தான் வளையும் என்பதால் புரட்டிய படமும் பார்வைக்கு இயல்பாகவே இருக்கும், கண்டுபிடிக்க வழியில்லை.

ஞாயிறு மேசை

ஒப்பிடும் வேலை ஞாயிறு மாலைகளில் வாசிகசாலையில் நடக்கிறது. முதலில் செட்டையின் வடிவத்தால் பிரிப்போம்: கொக்கி, முக்கோணம், உருண்டை, வெறும் முளை. பிறகு அந்தக் கட்டுக்குள் திட்டுகளைப் பார்ப்போம். இருவர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே பார்த்து, இருவரும் ஒன்றென்றால் மட்டும் சேர்ப்போம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல் தோன்றத் தொடங்கும்; அத்தோடு நிறுத்துவோம். எனவே வேலை மெதுவாகத்தான் நகரும். ஆட்கள் கூடினால்தான் விரைவு.

வள்ளத்துக்கு இடம் போதாமல் பெயர்ப்பட்டியல் போட்ட அதே பருவத்தில், இந்த மேசைக்கு வழமையாக வந்தவர்கள் மூவர். சில ஞாயிறுகளில் இருவர். ஒருவர் மட்டும் வந்த நாட்களில் இரண்டாவது கண் இல்லாமல் எந்தச் சோடியையும் உறுதிசெய்ய முடியாது. கதவைப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான். பெயர் சொல்லிக் குறைகூற நான் விரும்பவில்லை. வரவுப் பதிவேடு மேசையில் இருக்கிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம். கடலில் எடுக்கும் படம் பாதி வேலை. மேசைக்கு வராத படம் எடுக்காத படத்துக்குச் சமம்.

கணக்கு

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாக, வள்ளச் செலவும் எரிபொருளும் பயணக் கட்டணத்தால் ஏறக்குறைய ஈடுசெய்யப்பட்டன. பெரிய செலவு இரண்டு ஹார்ட் டிஸ்க். படங்கள் மூன்று பிரதிகளாக, ஒன்று வேறொரு வீட்டில் இருக்கவேண்டும் என்பதால் அது தவிர்க்க முடியாதது. உப்புக்காற்றில் ஒரு பழைய டிஸ்க் கெட்டபோது இரண்டாவது பிரதிதான் காப்பாற்றியது. கையிருப்பு சிறிதளவு உண்டு. அங்கத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா நிலுவையில் இருப்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. சிலருக்கு இது இரண்டாவது ஆண்டு. தொகை பெரிதல்ல, ஆனால் எல்லோருடையதும் சேர்ந்தால் ஒரு நல்ல லென்ஸில் பாதி வந்துவிடும்.

நன்றி: தலைவர், போஷகர், நிர்வாக சபையினர், ஓட்டிமார், மேசைக்கு வந்த அந்த மூவர், அறை தந்த வாசிகசாலையினர், தேநீர் அனுப்பிய அயல்வீட்டார் அனைவருக்கும்.

அடுத்த ஆண்டு

நமது நீலத் திமிங்கிலங்கள் துருவம் வரை போய் வருபவை அல்ல. வெப்பக் கடலிலேயே உண்டு வாழ்பவை. மார்கழி முதல் சித்திரை வரை தென்கரையின் மிரிஸ்ஸைக் கடலில் படமெடுக்கப்படுபவையும் பின்னர் நமது கடலுக்கு வருபவையும் எவ்வளவு பேர் ஒன்று என்பதைப் படங்கள்தான் சொல்லமுடியும். தெற்கில் உள்ள படத் தொகுப்புகளோடு நம் ஏட்டை ஒப்பிட அனுமதி கேட்டு எழுத நிர்வாக சபை தீர்மானித்திருக்கிறது. அதற்குமுன் நமது ஏடு சுத்தமாக இருக்கவேண்டும். சந்தேகப் பெட்டியில் இன்னும் ஒரு கட்டுப் படங்கள் கிடக்கின்றன.

செயலாளர் பதவிக்கு இம்முறை வேறொருவர் முன்வந்தால் மனமுவந்து ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால், இன்னும் ஓர் ஆண்டு தொடர எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒப்பிடும் மேசைக்கு நிரந்தரமாக ஆறு பேர் வேண்டும் என்பதை இந்தச் சபை தீர்மானமாக ஏற்றால் நல்லது. கமரா தெரியாதவர்களும் வரலாம். பொறுமையாகப் பார்க்கும் கண் இருந்தால் போதும். சென்ற பருவத்தில் கண்ட சோடிகளில் இரண்டு, ஒருநாளும் கடலுக்கு வராத ஓர் அக்கா கண்டுபிடித்தவை.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மேசை போட்டிருக்கும். முகநூலில் போட்ட படங்களின் மூலக்கோப்புகளையும், சந்தா நிலுவை உள்ளவர்கள் அதையும், அன்று கொண்டுவந்தால் ஒரே நேரத்தில் பதிந்துகொள்ளலாம்.

இவ்வண்ணம்,
செயலாளர்