வீட்டுக் கணினியில் கோப்புக்கு என்ன காவல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே பக்க வடிவமைப்புச் செய்து வருகிறேன். கலியாண அழைப்பிதழ், கோயில் மலர் எல்லாம் வரும். கூடுதலாக வருவது அந்தியேட்டிக் கல்வெட்டுகள், அதாவது இறந்தவர் நினைவாக அச்சிடும் புத்தகங்கள்தான். 31ஆம் நாளுக்கு முன் அச்சாகி வந்தே ஆகவேண்டும், அதற்குத் தவணை கேட்க முடியாது.

அண்மையில் ஒரு குடும்பத்தார், தாத்தாவின் கல்வெட்டில் போட்ட அம்மம்மாவின் படத்தை இப்போது அவருடைய கல்வெட்டுக்கே கேட்டார்கள். திறந்தேன். நெற்றியும் கண்ணும் அப்படியே இருக்கின்றன. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை, பொட்டு மாதிரி ஒரு ரோசாக் கோடு. கோப்பின் அளவும் திகதியும் மாறவில்லை. சரி, பேக்கப் இருக்கிறதே என்று வெளி டிஸ்க்கைப் போட்டால் அதிலும் அதே சாம்பல் பட்டை! பழுதான படத்தை என் கணினி நல்லது என்று நம்பி அப்படியே கொப்பி எடுத்து வைத்திருக்கிறது. கடைசியில் உறவினர் ஒருவரின் அல்பத்திலிருந்த படத்தை ஸ்கேன் பண்ணித்தான் வேலை முடிந்தது.

கணினி திருத்துபவரிடம் கேட்டால் “கரண்ட் போயிருக்கும்” என்கிறார். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை இருட்டில் இருந்த ஊருக்கு இது வசதியான பதில்தான். ஆனால் என் மேசைக்குக் கீழே, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓடவைக்கும் யூ.பி.எஸ். இருக்கிறது.

விண்டோஸ் வீட்டுக் கணினிகளில் பொதுவாக இருப்பது 1993இல் வந்த என்.டி.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக வைத்து எடுக்கும் ஏற்பாடு. எழுதும் நடுவில் கரண்ட் போனாலும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் பதிவேட்டைப் பார்த்துக் கோப்புறைகளையும் பெயர்களையும் நேராக்கிக்கொள்ளும். கோப்புக்கு உள்ளே இருப்பது கெட்டுவிட்டதா என்று பார்ப்பதில்லை. புறக்கோட்டை மொத்தக் கடைக் கணக்கப்பிள்ளை மாதிரி: கணக்கில் மூட்டை சரி, உள்ளே வண்டு விழுந்தால் அவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்ட்ரைவ்களில் உள்ள எஃப்.ஏ.டி.32, எக்ஸ்ஃபாட் இரண்டுக்கும் அந்தப் பதிவேடுகூடக் கிடையாது.

வழி தெரியாமல் இப்படி விட்டிருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் 2005இலேயே வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமை, கோப்பின் ஒவ்வொரு துண்டையும் வாசிக்கும்போது சரிபார்க்கும். இன்னொரு நல்ல பிரதி வைத்திருந்தால் தானே திருத்தியும் விடும். மைக்ரோசொப்டிடமும், நாம் விரும்பினால் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கக்கூடிய ரீ.எஃப்.எஸ். இருக்கிறது. ஆனால் 2017இல் விண்டோஸ் 10 புரோவில் அதைப் புதிதாக உருவாக்கும் வசதியை எடுத்துவிட்டு, நிறுவனங்களுக்கான பதிப்பிலும் வர்க்ஸ்டேஷன் பதிப்பிலும் மட்டும் விட்டுவைத்தார்கள். அதே ஆண்டு மெக் கணினிகளுக்கு வந்த அப்பிளின் ஏ.பி.எஃப்.எஸ்.ஸும் தன் கணக்கை மட்டுமே சரிபார்க்கிறது. ஆக, கம்பனிக் கணக்குக்குக் காவல் உண்டு, அம்மம்மாவின் முகத்துக்கு இல்லை.

“விண்டோஸை விட்டு, இப்படிச் சரிபார்க்கும் முறைமைகள் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறுங்கள்” என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறார். சொல்ல லேசு. என் பழைய வேலையெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய விண்டோஸ் பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலும் கிடக்கிறது. அச்சகமும் அதைத்தான் கேட்கிறது.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் புதுப் போன்களின் கமரா பற்றி வாராவாரம் எழுதுகிறீர்கள். பழைய படங்கள் கெடாமல் இருக்கிறதா என்று சாதாரண ஆட்கள் வீட்டிலேயே சரிபார்ப்பது எப்படி, அதற்கு என்ன இலவச மென்பொருள் இருக்கிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். கணினி விற்பவர்களிடமும் ஒரு கேள்வி: ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று சொல்லும்போது, உள்ளே வைப்பதை இது சரிபார்க்குமா இல்லையா என்பதையும் சொன்னால் என்ன?

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06