ஊர்ப்பெயர் இல்லாத முகவரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டதிலிருந்து, இந்தக் காலத்தில் கடிதம் யாருக்குத் தேவை என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. எல்லையில் நின்றவருக்காகக் கடிதம் எழுதிக் காத்திருந்தவள் என்ற முறையில் அதற்கு என் அனுபவத்தையே பதிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் உண்டு. அப்படியோர் ஊரில் 1999 தை மாதம் எனக்கும் என் அத்தை மகனுக்கும் நிச்சயம் நடந்தது. ஆவணியில் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். மே மாதம் கார்கில் மலைகளில் சண்டை மூண்டதும் அவருடைய விடுப்பு ரத்தானது. அவர் எந்த மலையில் இருக்கிறார் என்பது பெற்ற தாய்க்கே தெரியாது. எங்கள் கையில் இருந்ததெல்லாம் அவருடைய படை எண், பதவி, பெயர், யூனிட், அதன்கீழ் ‘கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.’ (ராணுவ அஞ்சலகம்) என்ற ஒரு வரி மட்டுமே. யூனிட் இருக்கும் இடம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே ஊர்ப்பெயர் இல்லாமல் அமைந்த முகவரி அது. அப்படி வரும் கடிதங்களை ராணுவ அஞ்சல் பிரிவினர் தில்லியில் பிரித்து, அந்த யூனிட் எங்கே நகர்ந்திருந்தாலும் அங்கே கொண்டு சேர்த்தார்கள். அவர்களுக்கு நான் இன்றும் நன்றிக்கடன் பட்டவள்.

‘அன்புள்ள மாமாவுக்கு’ என்று தொடங்கினால் மடித்து ஒட்டும் இன்லேண்டு கடிதத்தாளின் பக்கங்கள் போதாமல், ஒட்டும் மடிப்பின் ஓரத்திலும் பொடி எழுத்தில் எழுதுவேன். கடிதங்கள் முன்பின்னாக வந்து சேரும் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் ஒவ்வொன்றின் தலைப்பிலும் எண் போடுவேன். பதினொன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்து சில நாள் கழித்துத்தான் எட்டாவதற்கான பதில் வந்தது. குளிரில் பேனா எழுதவில்லை என்று பென்சிலால் எழுதியிருந்தார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து தேய்ந்து போயிருந்ததால், விளக்கருகே சாய்த்துப் பிடித்து, பென்சில் அழுந்திய தடத்தை வைத்துப் படித்தேன். சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிணற்றடி வேம்பு பூத்ததா, அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருந்தார். தொலைக்காட்சியில் தேசியக்கொடி போர்த்திய பெட்டிகளைக் காட்டிய அந்த நாட்களில், அத்தையும் நானும் அந்தத் தாளை மாற்றி மாற்றிக் கையில் வைத்திருந்தோம். ஆவணியில் நடக்கவேண்டிய கல்யாணம் அடுத்த தையில் நடந்தது.

சென்ற மாதம் எங்கள் தெருவில், படைவீரர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் ஒருத்தி அருகிலுள்ள அஞ்சலகத்துக்கு இன்லேண்டு வாங்கப் போனாள். ஊரில் இருந்தவரை நாள்தோறும் வீடியோவில் பேசிய மாப்பிள்ளை, உயரமான காவல்முனை ஒன்றுக்குப் போன பிறகு வாரக்கணக்கில் பேச முடியாத நிலை. அஞ்சலகத்தில் இன்லேண்டு வந்து பல மாதங்கள் ஆகின்றன என்றார்கள். விரைவுத் தபாலில் அனுப்பலாம் என்று உறையுடன் நின்றவளிடம், இது எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். ஊர்ப்பெயர் இல்லை, ஒன்பதில் தொடங்கும் ராணுவ பின்கோடு மட்டும்தான் உண்டு என்று அவள் சொன்னதும், முழு முகவரியோடு வரச்சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண்கலங்கி வந்தவளுக்கு, என் பெட்டியில் எழுதாமல் கிடந்த பழைய இன்லேண்டு ஒன்றை எடுத்து, இன்றைய கட்டணத்துக்குக் குறைவாக இருந்த தொகைக்குத் தபால்தலை ஒட்டிக் கொடுத்தேன்.

ஓர் இன்லேண்டின் விலை 2 ரூபாய் 50 காசு. அதை விற்பதால் பெரிய வருமானம் இல்லை என்பதை அறிவேன். ஆனாலும் படைவீரர் குடும்பங்கள் மிகுந்த ஊர்களின் கிளை அஞ்சலகங்களிலாவது அது எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும், 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. முகவரிகளை எப்படிப் பதிவு செய்வது என்பதைப் புதிதாகப் பணிக்கு வரும் ஊழியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அஞ்சல் துறை அதிகாரிகள் இதனைக் கவனிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவரின் மனைவி,
வேலூர் மாவட்டம்.